பீரியட் காதல் படங்களில் மரியாதையைக் கண்டுபிடிப்பது எப்படி? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

ஜோ ரைட் இயக்கி 2005-இல் வந்த 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' படத்தில் ஒரு சின்னக் காட்சி. நாயகன் டார்சி கை கொடுத்து நாயகி எலிசபெத்தைக் குதிரை வண்டியில் ஏற்றிவிடுகிறார். திரும்பி நடக்கும்போது அவர் விரல்கள் ஒரு கணம் விரிந்து மடங்குகின்றன. இணையத்தில் அந்தத் துண்டு இன்றுவரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கும் மிகவும் பிடித்த காட்சி. ஆனால் டார்சி எலிசபெத்தை மதிக்கத் தொடங்கும் இடம் அது இல்லை. அந்தக் கட்டத்தில் அவருக்கு ஈர்ப்பு மட்டும்தான் வந்திருக்கிறது. மரியாதை வருவதற்கு இன்னும் பாதிப் படம் போக வேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிய பிறகு, பீரியட் படங்களை, அதாவது பழைய காலத்தில் நடக்கும் கதைகளை, நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. உடை, மாளிகை, இசை எல்லாம் அப்படியே ரசிக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. அவற்றுக்கு அடியில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் சமமான மனிதராகப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் கதை ஓடுகிறதா என்று தேடிப் பார்ப்பது தனி இன்பம். அதற்கான வழியை இங்கே சொல்கிறேன். பெரும்பாலும் மேலே சொன்ன படத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் எல்லாப் படிகளுக்கும் காட்சி கிடைக்கிறது.

தொடங்கும் முன்: ஒரே படத்தை இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும். முதல் முறை கதைக்காக, சும்மா ரசித்துப் பாருங்கள். இரண்டாம் முறை கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.

படி 1: அந்தக் காலத்தின் சட்டத்தையும் பணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. இது இல்லாமல் மற்ற எதுவும் பிடிபடாது. ஒரு காலத்தில் ஒரு பெண் "மாட்டேன்" என்று சொன்னால் அவளுக்கு என்ன விலை, ஒரு ஆண் "சரி" என்று விலகினால் அவன் எதை விட்டுக்கொடுக்கிறான் என்பது தெரிந்தால்தான் காட்சியின் கனம் தெரியும்.

இந்தப் படத்துக்கு மூலமான ஜேன் ஆஸ்டினின் நாவல் வெளிவந்தது 1813-இல். ஜோ ரைட் தன் படத்தின் காலத்தை இன்னும் கொஞ்சம் முன்னால், 1790-களின் இறுதிக்குக் கொண்டுபோனார். அந்த இங்கிலாந்தில் திருமணம் ஆனதும் மனைவியின் கையிருப்பும் வருமானமும் பொதுவாகக் கணவனுக்குப் போய்விடும். குடும்பம் முன்கூட்டியே தனி ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தால்தான் கொஞ்சம் பாதுகாப்பு. மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்து ஆளும் உரிமை 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முழுமையாக வந்தது. மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்ய வேண்டுமானால், 1857-இல் சட்டம் மாறும்வரை நாடாளுமன்றத்தில் தனியாக ஒரு சட்டமே இயற்ற வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. அதாவது அவள் "சரி" என்று சொல்வது ஏறக்குறையத் திரும்ப முடியாத வழி.

இப்போது எலிசபெத்தின் வீட்டுக்கு வாருங்கள். அப்பாவின் நிலத்திலிருந்து வரும் வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு. ஐந்தும் பெண் பிள்ளைகள். அந்தச் சொத்தோ ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும்படி கட்டப்பட்டது. அப்பா கண்ணை மூடினால் வீடு உட்பட எல்லாம் தூரத்து உறவினரான காலின்ஸுக்கு. அந்தக் காலின்ஸே வந்து பெண் கேட்கும்போது எலிசபெத் மறுக்கிறாள் என்றால், தாயும் நான்கு சகோதரிகளும் தெருவுக்கு வரலாம் என்று தெரிந்தே மறுக்கிறாள். டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு. அவரையும் ஒருமுறை மறுக்கிறாள். இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அதே படத்தில் அவள் தோழி ஷார்லட் வேறு முடிவு எடுக்கிறாள். எனக்கு 27 வயது, பணமில்லை, எதிர்காலமில்லை, பெற்றோருக்கு ஏற்கெனவே பாரம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காலின்ஸை மணக்கிறாள். அவளைக் குறைவாக எடைபோட வேண்டாம். மரியாதை உள்ள காதல் அன்று எவ்வளவு அரிய வசதியாக இருந்தது என்பதற்கு அவள் குரல் நடுங்கும் அந்தக் காட்சிதான் சாட்சி.

வேறு நாட்டு, வேறு நூற்றாண்டுப் படம் என்றாலும் இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சொத்து யாருடையது? பிரிந்து போக வழி உண்டா? மறுத்தால் யார் பட்டினி கிடப்பார்கள்?

படி 2: யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று கவனியுங்கள்

நமக்கு இது எளிது, 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் இடையில் வளர்ந்தவர்கள் நாம். ஒருவர் எப்போது ஒருமைக்கு மாறுகிறார், கேட்டுவிட்டு மாறுகிறாரா, தானாகவே மாறுகிறாரா என்பதில் எத்தனை சண்டைகளும் சமாதானங்களும் நம் வீடுகளில் நடந்திருக்கின்றன!

ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு பெயரில் இருக்கிறது. ஆஸ்டின் காலத்தில் வீட்டின் மூத்த பெண் குடும்பப் பெயரோடு 'மிஸ் பென்னட்'. அடுத்தவள் 'மிஸ் எலிசபெத்'. வெறும் பெயர் சொல்லி அழைப்பது குடும்பத்தாருக்கு உரியது. மழையில் மனதைக் கொட்டும்போதும் டார்சி 'மிஸ் எலிசபெத்' என்றே தொடங்குகிறார். தமிழ் வசன வரிகளில் இது பெரும்பாலும் காணாமல் போய்விடும். காதைக் கொடுத்து மூலக் குரலைக் கேளுங்கள்.

இந்தப் படத்தின் அமெரிக்கப் பிரதியில் மட்டும் கூடுதலாக ஒரு கடைசிக் காட்சி உண்டு. மணமான பின் தன்னை எப்படி அழைக்கலாம் என்று எலிசபெத் டார்சியிடம் பேசுவாள். 'மை டியர்' என்று மட்டும் கூப்பிட வேண்டாம் என்பாள், அப்பாவுக்கு அம்மா மேல் எரிச்சல் வரும்போது அப்படித்தான் கூப்பிடுவாராம். சர்க்கரை தடவிய காட்சி என்று பலர் அதைத் திட்டுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிக்காகவே பிடிக்கும். அன்பான சொல்லுக்குள் ஏளனம் ஒளிந்திருக்கலாம் என்பதை அவள் பிறந்த வீட்டிலேயே பார்த்துவிட்டாள்.

படி 3: வியப்பையும் மரியாதையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

நாயகன் நாயகியின் அழகையோ திறமையையோ பார்த்து வாயைப் பிளந்து நிற்பது வியப்பு. அவள் சொல்லை நம்புவது, அவள் முடிவை அவளுடையதாக விட்டுவிடுவது மரியாதை. பல படங்கள் முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதும் இருப்பதாக நம்மை நம்பவைத்துவிடும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் நம் தமிழில்தான் இருக்கிறது. ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968). சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாகஸ்வரமும் மோகனாவின் சதங்கையும் மோதும் இடங்களில் கலைஞர்கள் இருவரும் சமம். ஒருவர் வித்தையை மற்றவர் உள்ளுக்குள் கும்பிடுவது முகத்தில் தெரிகிறது. 'மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன' பாட்டில் அவள் ஆட்டத்தை அவர் ஒளிந்து நின்று பார்க்கிறார். அவர் அங்கே இருப்பது அவளுக்கும் தெரியும். கலை அளவில் இதைவிட அழகான பரஸ்பர மதிப்பை நான் திரையில் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் செல்வந்தர்கள் அவளைச் சுற்றும்போது சண்முகசுந்தரம் சந்தேகப்படுகிறார், அவள் விளக்கத்தைக் கேட்கப் பொறுமையில்லாமல் கொதிக்கிறார். அவள் ஆட்டத்தை மதிப்பவர் அவள் வாக்கை மதிக்கவில்லை. படத்தை நேசிப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. நானும் அந்தப் படத்தை நேசிப்பவன்தான்.

நோட்டில் ஒரு கோடு கிழித்து இடப்பக்கம் வியப்புக் காட்சிகளையும் வலப்பக்கம் மரியாதைக் காட்சிகளையும் குறியுங்கள். வலப்பக்கம் காலியாகவே இருந்தால் அதுவும் ஒரு விடைதான்.

படி 4: "மாட்டேன்" என்ற சொல்லுக்குப் பிறகு என்ன நடக்கிறது?

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். மற்ற எல்லாப் படிகளையும் மறந்துவிட்டாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். மறுப்புக் காட்சியைக் கண்டுபிடியுங்கள், பிறகு அடுத்த பத்து நிமிடங்களை மிக மெதுவாகப் பாருங்கள்.

'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' இதற்கென்றே செய்தது போல இருக்கும். எலிசபெத் இரண்டு பேரை மறுக்கிறாள்.

முதலில் காலின்ஸ். கையில் ஒரு சின்னப் பூவுடன் வருகிறார். அவள் வேண்டாம் என்கிறாள். அவர் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. நாகரிகமான பெண்கள் முதலில் இப்படித்தான் பிகு பண்ணுவார்கள், ஆசையைத் தூண்டத்தான் இது என்று தொடர்கிறார். அவள் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு அர்த்தம் சொல்லும் உரிமை தனக்கே என்று நினைக்கிறார். தியேட்டரில் எல்லோரும் சிரிக்கும் காட்சி இது. சிரித்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்: நாயகி வேண்டாம் என்றால் வேண்டும் என்று பொருள் என்று விரட்டிப் போகும் எத்தனை நாயகர்கள் நம் படங்களில் இருக்கிறார்கள்! ஆஸ்டின் அந்த வசனத்தை 200 ஆண்டுகளுக்கு முன்பே கோமாளியின் வாயில் வைத்துவிட்டார்.

இரண்டாவது டார்சி. நாவலில் வீட்டுக்குள் நடப்பதை ஜோ ரைட் மழைக்குக் கொண்டுவந்தார். ஸ்டவர்ஹெட் தோட்டத்துத் தூண் மண்டபத்தில் இருவரும் நனைந்து நிற்கிறார்கள். டார்சி காதலைச் சொல்கிறார், கூடவே அவள் குடும்பம் தன்னைவிடத் தாழ்ந்தது என்பதையும் சொல்கிறார். காதல் உண்மை. ஆனால் பேச்சு முழுக்கத் தன் போராட்டம், தன் தியாகம், தன் பெருந்தன்மை. அவளும் விடவில்லை. அக்காவின் வாழ்க்கையைக் கலைத்தீர்கள், உங்களோடு வளர்ந்த விக்கமுக்கு அநியாயம் செய்தீர்கள், உலகத்திலேயே கடைசி ஆண் நீங்கள்தான் என்றாலும் மணக்க மாட்டேன் என்கிறாள். இவ்வளவு நெருக்கத்தில் நின்று ஒருவரை ஒருவர் கிழிக்கிறார்கள், முத்தமிடப்போகிறார்களோ என்றுகூட ஒரு நொடி தோன்றும்.

இப்போதுதான் கவனிக்க வேண்டிய இடம். டார்சி நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. காலின்ஸ் கேட்காத அந்தச் சொல்லை அவர் கேட்டுவிட்டார்.

பிறகு ஒரு கடிதம். நிச்சயம் ஆகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வதே அக்கால வழக்கத்துக்கு மாறானது. வெளியே தெரிந்தால் கெடுவது அவள் பெயர். அதனால் அஞ்சலில் அனுப்பாமல் நேரில் வந்து தருகிறார். படத்தில் அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் கிளம்பிவிட்டார். கடிதம் என்ன சொல்கிறது? உங்களுக்கு வெறுப்பூட்டிய உணர்வுகளை மறுபடி எழுப்ப மாட்டேன் என்று தொடங்கி, அவள் சுமத்திய குற்றச்சாட்டுகளுக்கு மட்டும் பதில் தருகிறது. விக்கம் டார்சியின் தங்கையை ஏமாற்றிக் கூட்டிப்போகப் பார்த்தவன் என்ற உண்மையைச் சொல்லும்போது, அந்தத் தங்கையின் மானத்தையே எலிசபெத்தின் கையில் ஒப்படைக்கிறது. நீங்கள் அறிவுள்ளவர், முழு விவரத்தையும் வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்ற நிலைப்பாடு அது. மரியாதை அந்தக் கடிதத்தில்தான் பிறக்கிறது என்பது என் கட்சி.

கடைசியில், விடியற்காலைப் பனியில், மறுபடி கேட்கும் இடம். என் மனம் மாறவில்லை, ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இதைப் பற்றி இனி எப்போதும் பேச மாட்டேன் என்கிறார். முதல் முறை அவர் பேச்சில் அவள் பதிலுக்கு இடமே இல்லை. இப்போது மொத்தமும் அவள் பதிலை நம்பி நிற்கிறது. இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். அவள் அவர் கையை எடுத்து முத்தமிட்டு, கைகள் சில்லென்று இருக்கின்றன என்கிறாள். அன்று வண்டி ஏற்றிவிட்ட கை அது.

படி 5: அவள் பக்கம் என்ன மாறுகிறது என்றும் பாருங்கள்

பரஸ்பரம் என்றால் இரண்டு பக்கமும். ஆண் திருந்தி வந்து பெண்ணின் காலடியில் நிற்பதோடு முடிந்தால் அது பாதிக் கதை.

கடிதத்தைப் படித்த எலிசபெத் நாவலில் தன்னையே கேள்வி கேட்கிறாள். விக்கம் இனிக்க இனிக்கப் பேசினான், நம்பினேன். டார்சி முதல் நாளே என்னை அலட்சியப்படுத்தினார், அதனால் அவரைப் பற்றி எந்தக் கெட்ட செய்தி வந்தாலும் விழுங்கினேன். இந்தக் கணம்வரை நான் என்னையே அறியவில்லை என்று வெட்கப்படுகிறாள். காதலுக்காக அல்லாமல் உண்மைக்காகத் தன் கருத்தை மாற்றிக்கொள்கிறாள். டார்சி திரும்பி வருவார் என்ற நம்பிக்கையே அப்போது அவளுக்கு இல்லை.

படி 6: யாரும் பார்க்காதபோது அதிகாரத்தை என்ன செய்கிறார்கள்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எலிசபெத்தின் தங்கை லிடியா விக்கமுடன் ஓடிப்போகிறாள். டார்சி அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, கடனை அடைத்து, திருமணத்தை முடித்துவைக்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறார். நன்றிக்கடனைக் காட்டி அவள் மனதை வாங்க அவருக்கு விருப்பமில்லை. செய்தி வேறு வழியாகக் கசிந்துதான் அவளுக்குத் தெரிகிறது. உங்கள் படத்தின் நாயகன் செய்த உதவியை நாயகியிடம் யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள், நிறையப் புரியும்.

படி 7: பக்கத்தில் இருக்கும் தம்பதிகளை விட்டுவிடாதீர்கள்

நல்ல பீரியட் படத்தில் துணைத் தம்பதிகள் சும்மா வருவதில்லை. எலிசபெத்தின் அப்பா இளமையில் முகத்தைப் பார்த்து மணந்தவர். மரியாதையும் நம்பிக்கையும் சீக்கிரமே போய்விட்டன, மிஞ்சியது மனைவியைக் கேலி செய்து நாளை ஓட்டுவது. படத்தில் டொனால்ட் சதர்லாண்ட் அதை மென்மையாக நடித்திருப்பதால் நாம் அவருக்கு எளிதில் மன்னிப்புக் கொடுத்துவிடுகிறோம். நாவலில் டார்சி பெண் கேட்ட பிறகு அவர் மகளைத் தனியாக அழைத்து, வாழ்க்கைத் துணையை மதிக்க முடியாமல் நீ தவிப்பதைப் பார்க்கும் துயரத்தை எனக்குக் கொடுத்துவிடாதே என்கிறார். தன் மணவாழ்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அதே பேச்சில், கணவனை உன்னைவிட உயர்ந்தவனாகப் பார்த்தால்தான் நீ மகிழ்ச்சியாக இருப்பாய் என்றும் சொல்கிறார். அது அந்தக் காலத்தின் எல்லை. அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், மறைக்க வேண்டாம்.

படி 8: இதே கேள்விகளுடன் வேறொரு படத்துக்குப் போங்கள்

அசுதோஷ் கோவரிகரின் 'ஜோதா அக்பர்' (2008) நல்ல தேர்வு. இங்கே அதிகார இடைவெளி இன்னும் பெரிது. ஒருவர் பேரரசர், மற்றவர் அரசியல் உடன்படிக்கைக்காக மணமுடிக்கப்படும் இளவரசி. ஜோதா திருமணத்துக்கு முன்பே இரண்டு நிபந்தனை வைக்கிறாள்: மதம் மாற மாட்டேன், அரண்மனையில் என் கண்ணனுக்குக் கோயில் வேண்டும். அக்பர் ஒப்புக்கொள்கிறார். மணமான பின்னும் அவள் மனம் இசையாமல் நெருங்குவதில்லை.

இதோடு விட்டிருந்தால் அவர் ஒரு நல்ல சக்கரவர்த்தி, அவ்வளவுதான். படம் அவரைத் தவறு செய்யவிடுகிறது. தன்னை வளர்த்த செவிலித்தாய் மாகம் அங்காவின் சூழ்ச்சியில் சிக்கி, ஜோதா சொல்வதைக் கேட்காமல் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். உண்மை தெரிந்ததும் ஆமேருக்கே போய் மன்னிப்புக் கேட்கிறார். அவள் உடனே கிளம்பி வரவில்லை. உங்களுக்கு வெல்லத் தெரியும், மனங்களை ஆளத் தெரியாது என்று திருப்பி அனுப்புகிறாள். இதோ நான்காம் படி! பேரரசர் தனியாகத் திரும்புகிறார், மாறுவேடத்தில் மக்களிடையே போய்க் கேட்கிறார், இந்து யாத்திரிகர்கள் மீதான யாத்திரை வரியை நீக்குகிறார்.

ஒரு எச்சரிக்கை. படத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்பர் 1562-இல் ஆமேர் அரசர் பார்மலின் மகளை மணந்ததும், அடுத்த ஆண்டு யாத்திரை வரியை நீக்கியதும் உண்மை. ஆனால் அந்த அரசியை ஜோதா என்று அக்காலக் குறிப்புகள் சொல்வதில்லை. காதலுக்கும் வரிக்கும் முடிச்சுப் போட்டது திரைக்கதை. ஆகவே இரண்டு பேரிடையே மரியாதை எப்படி வளர வேண்டும் என்று 2008-இல் வாழ்ந்தவர்கள் ஆசைப்பட்டார்கள் என்பதை இந்தப் படம் நமக்குச் சொல்கிறது. அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

எதிலிருந்து எது? ஒரு வரிசை

முதலில் 2005 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'. நேரம் இருந்தால் பிபிசி 1995-இல் எடுத்த ஆறு பகுதித் தொடரும். அதில் இடம் அதிகம் என்பதால் கடிதம் நிதானமாக விரிகிறது.

அப்புறம் ஆங் லீயின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1995), எம்மா தாம்சனுக்குத் திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கித் தந்த படம். மரியான் உயிருக்குப் போராடும்போது கர்னல் பிராண்டன் கதவுக்கு வெளியே நின்று, எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள், இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் அக்கா எலினாரிடம் கெஞ்சுவார். அம்மா வந்தால் மரியானுக்கு நல்லது என்று எலினார் சொன்னதும் இரவோடு இரவாகப் புறப்படுவார். ஆலன் ரிக்மன் குரலில் அந்த வரியைக் கேளுங்கள். இதே கதையை ராஜீவ் மேனன் 2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்று நம் காலத்துக்குக் கொண்டுவந்தார், மம்மூட்டிதான் பிராண்டன். ஒரே வார இறுதியில் இரண்டையும் பார்த்து, முதல் படியின் மூன்று கேள்விகளை இரண்டுக்கும் கேளுங்கள். சட்டம் மாறிய பிறகும் எது மாறவில்லை என்று தெரியும்.

கடைசியாக, செலின் சியாமாவின் பிரெஞ்சுப் படம் 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்' (2019). 18-ஆம் நூற்றாண்டின் பிரிட்டனி கடற்கரை. ஓவியர் மரியானும், அவள் வரைய வந்த எலோயீஸும். ஓவியர் பெருமையாக, நீங்கள் கோபப்படும்போது இப்படிச் செய்வீர்கள், வெட்கப்படும்போது அப்படிச் செய்வீர்கள் என்று அடுக்குகிறாள். எலோயீஸ் அவளைப் பக்கத்தில் வரச் சொல்கிறாள். நாம் இருவரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறோம், நீங்கள் என்னைப் பார்க்கும்போது நான் யாரைப் பார்க்கிறேன் என்று கேட்டுவிட்டு, ஓவியரின் சின்னச் சின்ன அசைவுகளைத் திருப்பி அடுக்கத் தொடங்குகிறாள். அங்கே படத்தை நிறுத்தி, ஓவியரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.